உள் தாழ்ப்பாள்

"ரூபி, அவையள் போகுமட்டும் வெளியால வராத. இருமல் வந்தாலும் தலகணிக்குள்ள இருமு, என்ர குஞ்செல்லே."

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை. மகள் றஷ்மியின் கல்யாணப் பேச்சுக்காகக் கனடாவிலிருந்து வந்திருக்கும் அருந்ததி டீச்சர்தான். அங்கே புதிதாக வந்திறங்கும் ஆட்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் உட்கார்ந்து அழுதவர்களைக் கண்டு, ஞாயிறுதோறும் சூமில் மனநலக் கூட்டமும் நடத்துகிறார். "வருத்தக்காரரை ஒளிக்காதையுங்கோ" என்பதுதான் அவர் ஓயாமல் சொல்வது. வாய்க்கு என்ன, சொல்லிவிடும்! தங்கச்சி ரூபிகா மனநோய்க்கு மாத்திரை எடுப்பது தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடுமே என்று பயந்து, பிரிட்ஜுக்கு மேலிருந்த குளிசைப் போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்ததும் அதே டீச்சர்தான்.

கல்கிசையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பாக்கியலெட்சுமி உட்கார முன்னமே அருந்ததியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உங்கட கூட்டம் ஒண்டும் நான் விடுறேல்லை. இவன் என்ர மூத்தவன், மாப்பிள்ளையின்ர அண்ணா. மனவருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறான். முந்தியெண்டா வீட்டில விட்டிட்டுத்தான் வந்திருப்பன். நீங்கள் சொன்னபடியாலதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

மூத்தவன் கட்லட் தட்டைப் பார்த்தபடி கூச்சத்தோடு சிரித்தான்.

"உங்களுக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறா எல்லே?"

"அவ... பாமன்கடைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போட்டா."

சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது அருந்ததிக்கு. அந்தப் பெடியனின் முகத்தைப் பார்க்கவே கூசியது. தேத்தண்ணி எடுக்கப் போகிறவர் போல எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ரூபி, திற. வெளியால வா."

"பயப்படாதைங்கோ அக்கா, நானே பூட்டிட்டன். உங்களைப் பொம்பிளை பாக்க வந்த நேரமும் இப்பிடித்தானே இருந்தனான். எனக்குப் பழக்கம்."

அன்றைக்குக் கதவைச் சாத்தியது அம்மா. பட்டுச் சேலையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அருந்ததி. பாவி நான், பாவி, என்று மனம் அடித்துக்கொண்டது. இனிமேலும் குரலைத் தாழ்த்த அவரால் முடியவில்லை. விறாந்தையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாக்கியலெட்சுமி அக்கா, என்ர தங்கச்சி ஒரு இடமும் போகேல்லை. இந்த அறைக்குள்ளதான் இருக்கிறா. அவவும் குளிசை எடுக்கிறவ. நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ரூபிகாவின் அழுகுரல்தான் வந்தது.

"அக்கா, சத்தியமா நான் இருமேல்லை."