நாலு துறைக்கு ஒரு கலுங்கு

ஆனைப்பாறை தேயிலை எஸ்டேட்டில் நாற்பத்தோரு வருஷம் கவாத்துக் கத்தி பிடித்த ஞானையனுக்குப் பெரிய கட்டடத்தைக் கண்டாலே சந்தேகம். துரை பங்களாவில் ஆரம்பித்த சந்தேகம் அது. செக்ரட்டேரியட்டுக்கு இது பதினோராவது நடை. சந்தேகம் தேயவில்லை, செருப்புதான் தேய்ந்தது.

விடியுமுன் ஜீப்பில் மலையிறங்கி, விதுராவில் பஸ் பிடித்து, நெடுமங்காட்டில் மாறி, தலைநகரத்தில் செக்ரட்டேரியட் இருக்கும் ஸ்டாச்யூ சந்திப்பில் வந்து நிற்கும்போது பத்தரை மணி. வெளியாளுக்குப் பாஸ் மூன்று மணிக்கு மேல்தான். அதுவரை வாசலில் ஏதாவது ஒரு சமரப் பந்தலில், போராட்டக்காரர்கள் போட்ட கொட்டகையில், போய் உட்காருவார். யார் சமரம், எதற்குச் சமரம் என்று கேட்கமாட்டார். நிழலுக்குக் கட்சி உண்டா என்ன? இன்றைக்கு அரசு வேலைக்கு ரேங்க் லிஸ்டில் பேர் வந்தும் ஆர்டர் வராத பிள்ளைகள். ஒருத்தி அவரையும் கை தூக்கிக் கோஷம் போடச் சொன்னாள்.

"தோளுக்கு மேல கை போகாது மக்களே. பெண்டாட்டியச் சுமந்து சுமந்து போச்சு" என்றார்.

அவள் சிரித்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தாசம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு மாசமாகிறது. வாரத்தில் இரண்டு நாள் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓடை. அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கலுங்கு ஒன்று இருந்தது, ஜீப் ஒன்று போகிற அகலத்துக்குச் சின்னப் பாலம். போன வருஷத்துக்கு முந்தின வருஷத்து மழையில் அது நடு முறிந்து விழுந்தது. அன்றிலிருந்து ஜீப் அந்தக் கரையில் நிற்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தாசம்மாளை உட்காரவைத்து, முன்னால் ஞானையனும் பின்னால் பக்கத்து வீட்டுப் பகவதிப்பெருமாளுமாக ஓடைக்குள் இறங்கி ஏறுவார்கள். இப்போது மே பதினான்கு. ஜூனில் மழை இறங்கினால் ஓடையில் ஆள் நிற்க முடியாது. நாற்காலியும் போகாது. நாற்காலி போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை ஞானையன் யாரிடமும் திரும்பச் சொன்னதில்லை.

மூன்றே கால் மணிக்கு மராமத்துத் துறைப் பிரிவுக்குள் நுழைந்தார். மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, நாலு ரசீதை மேசைமேல் பரப்பினார். அசிஸ்டென்ட் ஷெமி மலையாளத்தில் பேசுவாள், இவர் தமிழில் பேசுவார். நடுவில் எங்கேயோ இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். அவளுக்கு இவர் அப்பூப்பா, அதாவது தாத்தா.

"அப்பூப்பா பின்னேயும் வந்தாச்சா? போன மாசம்தானே வந்தீங்க?"

"போன மாசம் வந்தேன். பாலம் வந்துதா?"

ஷெமி அப்போதுதான் நாலு ரசீதையும் சேர்த்துப் பார்த்தாள். இதுவரைக்கும் அந்தந்தப் பிரிவில் அந்தந்த ரசீதைத்தான் ஞானையன் காட்டியிருந்தார். அடுத்தவன் ரசீதைக் காட்டினால் இவன் தட்டிக்கழிப்பான் என்பது அவர் கணக்கு. இன்றைக்குக் கால் வலியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இது எந்தா அப்பூப்பா? வனத்துறைக்கு ஒண்ணு, தொழிலாளர் துறைக்கு ஒண்ணு, உள்ளாட்சிக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு?"

"ஓடை காட்டுக்குள்ள இருந்து வருது, அதனால வனம். எஸ்டேட்டுத் தொழிலாளி, அதனால தொழிலாளர் துறை. பஞ்சாயத்து ரோடு, அதனால உள்ளாட்சி. பாலம்னா மராமத்து. ஒருத்தன் மறந்தாலும் இன்னொருத்தன் செய்வான்ல?"

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. லயத்துக் கூரை ஒழுகுது என்று முப்பது வீட்டுக்காரரும் கையெழுத்திட்ட மனுவை ஒருமுறை யூனியன் தலைவர் ஒருத்தர் கையில் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தலைவர் செத்தபோது அந்த மனு அவர் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் விரித்துக் கிடந்தது. அன்றைக்கு ஞானையன் முடிவு செய்தார்: இனி எந்தக் காகிதத்தையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது.

ஷெமி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நம்பராகத் தட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றது. பிறகு எழுந்து போய்ப் பிரிவு அதிகாரி ஆனந்தகிருஷ்ணனைக் கூட்டி வந்தாள். கரமனை அக்ரஹாரத்துக்காரர். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறவர்.

"உக்காருங்கோ பெரியவரே. தண்ணி குடிக்கறேளா?"

"தண்ணி எங்க ஓடையில நெறைய வரும். ஆளத்தான் காணல."

ஆனந்தகிருஷ்ணன் அதற்குக் கோபப்படவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ கேட்டுவிட்டவர் போல, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வனத்துறை உங்க மனுவைப் பார்த்துட்டு, மராமத்திலே இதே விஷயம் நடக்கறதான்னு எங்களைக் கேட்டிருக்கு. நாங்க, இது எஸ்டேட் ரோடுன்னா கம்பெனியே செய்யணுமேன்னு தொழிலாளர் துறையைக் கேட்டிருக்கோம். அவா, உள்ளாட்சியிலே மனு இருக்கு, அங்கே முடிவாகட்டும்னுட்டா. உள்ளாட்சி, காட்டு எல்லைன்னா வனத்துறை பதில் வரட்டும்னு வெச்சிருக்கு."

ஞானையன் விரலை மேசையில் ஓட்டிப் பார்த்தார். வனம், மராமத்து, தொழிலாளர், உள்ளாட்சி, மறுபடி வனம். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"அப்போ எவனும் சும்மா இருக்கல?"

"ஒருத்தரும் சும்மா இல்லே. எல்லாரும் பதினஞ்சு நாளைக்குள்ளே பதில் போட்டிருக்கா."

பதினாலு மாசமாகக் கம்பெனிக்காரன் எவனுக்கோ கைக்கூலி கொடுத்து மறிக்கிறான் என்று ஒரு முகத்தை மனசில் செய்து, அதைத் திட்டிக்கொண்டே பஸ்ஸில் போய் வந்திருந்தார். அந்த முகம் இப்போது கலைந்தது. அதுவே ஒரு நஷ்டம்போல இருந்தது.

"எஸ்டேட்டுல துரை இருந்தான். அவனுக்குக் கீழ கண்டக்டர், சூப்பர்வைசர், கங்காணி. எவனத் திட்டணும்னு எங்களுக்குத் தெரியும். இங்க யாரு சாரே துரை?"

"மேலே மந்திரி. அவருக்குக் கீழே செக்ரட்டரி. அப்புறம் அடிஷனல், ஜாயிண்ட், டெபுடி, அண்டர்னு இறங்கி, நான், எனக்குக் கீழே ஷெமி. பைல் ஷெமிகிட்டேர்ந்து ஏறும். இறங்கறச்சே கவர்னர் பேரிலே உத்தரவா இறங்கும்."

"கவர்னருக்கு என் பாலம் தெரியுமா?"

"தெரியாது."

"மந்திரிக்கு?"

"பைல் அங்கே போனாத் தெரியும்."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"இப்போதைக்கு ஷெமிக்குத் தெரியும்."

ஷெமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுவும் போக, இந்த மதிலுக்குள்ளே இருக்கற நாங்க யாரும் கல்லைத் தூக்கமாட்டோம்" என்றார் ஆனந்தகிருஷ்ணன். "தூக்கச் சொல்லி எழுதுவோம். தூக்கறவாளுக்கு வேற ஆபீஸ், வேற தலைவர். அந்த ரோடு எந்தத் துறையோட ஆஸ்திப் பதிவேட்டிலே இருக்கோ, அந்தத் துறைதான் எழுத முடியும். ஷெமி பார்த்துட்டா. பஞ்சாயத்துப் பதிவேட்டிலே இருக்கு. எங்க லிஸ்டிலே இல்லே. லிஸ்டிலே இல்லாத ரோட்டிலே எங்களாலே ஒரு கூழாங்கல் போட முடியாது."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"மத்த மூணு மனுவையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்கோ. உள்ளாட்சி ஒண்ணு மட்டும் இருக்கட்டும். பதில் கேட்டு எழுத வேற துறை இல்லேன்னா அவா முடிவு எடுத்துத்தான் ஆகணும்."

ஞானையன் அவரையே பார்த்தார். பதினேழு நாளில் வீட்டுக்குப் போகிறவன். தன் மேசையில் இருப்பதை அடுத்தவன் மேசைக்குத் தள்ளிவிட்டுப் போனால் இவனுக்கு நிம்மதி. எஸ்டேட்டில் எத்தனை கண்டக்டர் இப்படிப் போயிருக்கிறான்.

"உங்க மேசையக் காலி பண்ணுறீரா சாரே?"

"ஆமா, காலி பண்றேன்" என்றார் ஆனந்தகிருஷ்ணன், முகம் மாறாமல். "ஆனா சொன்னது பொய்யில்லே."

வராந்தாவில் போய் நின்று தாசம்மாளுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அவள் குறுக்கிட்டாள்.

"நாலு பேருகிட்டக் குடுத்தீங்களா? ஒரு பொண்ணுக்கு நாலு வீட்டுல நிச்சயம் பண்ணுனா எவன் தாலி கொண்டுட்டு வருவான்?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதுக்குத்தான். என்னையச் சுமக்குறதும் நல்லதுக்குத்தான். கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. பகவதிப்பெருமாளுக்கும் முதுகு பிடிச்சிருக்கு."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஷெமி மூன்று காகிதம் அச்செடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், இரண்டு தடவை. அப்புறம் பேனாவை வாங்கி, எஸ்டேட்டில் சம்பளத்துக்குப் பழகிய அதே கையெழுத்தைப் போட்டார். காகிதத்தைத் தபாலில் விடவும் சம்மதிக்கவில்லை. தானே ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கி, சீல் போட்டு வாங்கி, கடைசி பஸ்ஸைத்தான் பிடித்தார்.

பதினொன்றாம் நாள் தபால்காரர் மூன்று கவர் கொண்டுவந்தார். வனம், மராமத்து, தொழிலாளர். மூன்றிலும் ஒரே சங்கதி: தங்கள் வேண்டுகோளின்படி மனு முடித்துவைக்கப்பட்டது. பதினாலு மாசம் அசையாதது, முடித்துவைக்கப் பதினோரு நாள். உள்ளாட்சியிலிருந்து ஒரு எழுத்து இல்லை.

"பாத்தியா? பேசிப் பேசி வாங்கிட்டான் கையெழுத்த" என்று ஞானையன் லயம் அதிரக் கத்தினார். மேற்கே வானம் கறுத்திருந்தது. அன்றைக்கே ரேஷன் கடைக்காரர் மகள் ரேஷ்மியைக் கொண்டு மூன்று துறைக்கும் புது மனு எழுத வைத்தார். மூன்று கவரில் போட்டு ஒட்டினார். மறுநாள் ஆஸ்பத்திரி நாள். ஜீப் டிரைவரிடம் கொடுத்தால் விதுராவில் தபாலில் போட்டுவிடுவான்.

காலையில் தாசம்மாளைத் தூக்கி நாற்காலியில் வைக்கும்போது கவர்களை அவள் மடியில் வைத்தார். அவள் அவற்றை எடுத்து, பிட்டத்துக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"எடு, கசங்கும்."

"கசங்கட்டும். திரும்பவும் நாலு மாப்பிள்ளை வேண்டாம் எனக்கு."

"மழை வருது தாசம்மா."

"வரட்டும். ஒருத்தன் வாரானான்னு பாப்போம். தூக்குங்க."

தூக்கினார்கள். ஓடையில் இப்போதே முழங்காலுக்குத் தண்ணீர். நடு ஓடையில் ஞானையன் நிமிர்ந்தபோது அக்கரையில் ஜீப்புக்குப் பக்கத்தில் பைக் ஒன்று நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள் ஒருத்தன் கையில் டேப்போடு முறிந்த கலுங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கே ஞானையன்னு யாரு?" என்று கத்தினான்.

ஞானையன் தோளில் மூங்கிலோடு தண்ணீரில் நின்றபடியே கேட்டார்: "நீரு எந்த டிபார்ட்மெண்டு?"

"பஞ்சாயத்து ஓவர்சியர். மேலேர்ந்து எழுத்து வந்திருக்கு."

"வேற யாரும் வரலையே? நீரு மட்டும்தானே?"

"நான் மட்டும்தான். வேற யாரு வரணும்?"

நாற்காலியைக் கரையில் இறக்கினார்கள். ஓவர்சியர் டேப்பின் ஒரு நுனியைப் பகவதிப்பெருமாளிடம் நீட்டினான். ஞானையன் அதைப் பிடுங்கித் தானே பிடித்துக்கொண்டார். அளந்து முடித்த ஓவர்சியர் தலையைச் சொறிந்தான்.

"மழைக்கு முன்னே பாலம் வராது, கேட்டோ. அதுக்கு இன்னும் எஸ்டிமேட் மேலே போகணும். இப்போதைக்குப் பெரிய குழாய் ரெண்டு போட்டு மண்ணும் கல்லும் கொட்டித் தரலாம். அடுத்த வாரம்."

"ஜீப்பு போகுமா?"

"ஜீப் போகும். லாரி போகாது."

"எழுதித் தாரும்."

"எங்கிட்ட இப்போ பேப்பர் இல்ல பெரியவரே."

தாசம்மாள் நாற்காலியில் சற்றே ஒருக்களித்து, அடியிலிருந்து கசங்கிய கவர் ஒன்றை உருவி நீட்டினாள். "இதுல எழுதும். இது இனி போகாது."

ஓவர்சியர் வனத்துறை முகவரிக்குப் பின்பக்கம் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டான். ஞானையன் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். மலையாளத்தில் பாதி புரியவில்லை. மடித்து மடியில் வைத்தார். மற்ற இரண்டு கவரும் தாசம்மாளுக்கு அடியிலேயே இருந்தன. அவர் கேட்கவில்லை. ஜீப் டிரைவர் ஹார்ன் அடித்தான். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டிருந்தது.