நாற்பது புள்ளி நான்கு

அன்று மத்தியானம் தகரக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வந்த அப்துல் கரீமின் சட்டை வியர்வையே இல்லாமல் காய்ந்திருந்தது. திருத்தணி அரக்கோணம் சாலையில் முப்பது வருஷமாக ஆட்டோ என்ஜின் பிரிக்கிற மனிதர். மே மாதத்தில் அவர் சட்டை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. மனைவி குல்ஜார் பேகத்துக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"தல வலிக்குது. கொஞ்சம் படுக்கறேன்."

நெற்றியைத் தொட்டாள். சுட்டது. ஆனால் அன்று தலையணையும் சுட்டது, குடத்துத் தண்ணீரும் சுட்டது. துபாயிலிருந்து மகன் தன்வீர் அனுப்பிய புதுத் தெர்மாமீட்டரை அவர் அக்குளில் வைத்தாள். 40.4 என்று காட்டியது.

"காய்ச்சல்னா நூறுக்கு மேல இல்ல காட்டணும்?"

டிவியின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: திருத்தணி 40.4.

அந்தத் தலைவலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "உன் புள்ள காய்ச்சல் மிஷின் அனுப்பல. வெயில் மிஷின் அனுப்பிக்கிறான்."

"உங்க புள்ள வேற எப்படி இருப்பான்" என்று அதை டப்பாவில் போட்டாள். காய்ச்சல் இல்லை என்ற நிம்மதியில் அவரைத் தூங்க விட்டாள்.

அவளைக் கோபிக்காதீர்கள், கண்ணுகளா. கோடைக்குக் கோடை ஊர்ப் பேரோடு நாற்பது, நாற்பத்தொன்று என்று கேட்டுப் பழகிய காது அது.

ஐந்து மணிக்கு எழுப்பினாள். அவர் கண்ணைத் திறந்து, யாரோ வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஏதோ குழறினார். பக்கத்து வீட்டுத் திலீப் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

இரண்டாம் நாள், வெயில் தாக்கிக் கிடந்தவரின் கட்டிலருகே, குல்ஜார் எடுத்துவந்த தெர்மாமீட்டரை நர்ஸ் சுசித்ரா கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது சரியாத்தான் காட்டிச்சுக்கா. மூலைல சின்னதா சி போட்டுக்குது பாருங்க, செல்சியஸ். நாப்பது புள்ளி நாலுன்னா, நம்ம காய்ச்சல் கணக்குல நூத்தி அஞ்சுக்குக் கிட்ட."

"ஒரே சூட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு கணக்கு?"

"ஒருத்தரு தண்ணிய வெச்சு போட்டாரு. உறையறது சைபர், கொதிக்கறது நூறு. அதுக்கு முன்னாடியே இன்னொருத்தரு, உப்பு கலந்த ஐஸ சைபர்னு வெச்சிகினு, மனுஷன் உடம்ப தொண்ணூத்தாறுன்னு வெச்சாரு. உலகம் பூரா இப்போ தண்ணிக் கணக்குதான். நாம வெயிலுக்கு அத எடுத்துகினு, காய்ச்சலுக்குப் பழசையே வெச்சிகினுக்கிறோம்."

"மனுஷன வெச்சு போட்டதே நல்லாக்குது. நூறத் தாண்டினா பயப்படணும்னு தெரியும். நாப்பதுன்னா யாரு பயப்படுவா?"

சுசித்ரா தெர்மாமீட்டரை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பதினெட்டாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். உயிர் தங்கியது. கை நடுக்கம் நிற்கவில்லை, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பேச்சு குழறலாகவே நின்றுவிட்டது. இதற்கு மேல் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டகையைப் பூட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தன்வீர் போன் செய்தான்.

"அம்மி, ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் அனுப்பின தெர்மாமீட்டர அன்னிக்கு வெச்சுப் பாத்தியா? இங்க எல்லாம் சி தான். அத மாத்தி அனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்ல. அதனாலதான் லேட்டாச்சா?"

குல்ஜார் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"இல்லப்பா. பெட்டியப் பிரிக்கவே இல்ல. பயத்துல அது இருக்கறதே மறந்துட்டேன்."

"வெச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே அம்மி" என்றான் அவன். குரலில் வருத்தம் இருந்தது, பயம் போயிருந்தது.

"ஆங். என் தப்புதான்."

கட்டிலிலிருந்து அப்துல் கரீம் அவளையே பார்த்தார். அவருக்கு எல்லாம் கேட்டது. வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.