இல்லாத களா

நண்பகல் லுஹர் பாங்கு முடிந்தபோது நதீரா சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு எழுந்து வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நின்றபடியே தின்றாள். ஆறிய சோறு, கீரி மீன் ஆணம். ருசி தெரியவில்லை. பானையின் அடி தெரியும்வரை கை நிற்கவில்லை.

பிறகு சுவரோடு சாய்ந்து தன் கையைத் தானே கடித்தாள். நோவு வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எல்லாம் முன்பிருந்தபடியே இருந்தது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. தெற்கு வளவில் வாப்பா அவளுக்குச் சீதன வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது. நிந்தவூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி அவள் கன்னத்தைத் தொட்டு, நல்ல கொழுத்த பிள்ளை என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நதீராவும் சிரித்தாள். அன்றிரவு பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்தாள். அப்படித்தான் தொடங்கியதா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

றமழான் அவளுக்கு வசதியாக வந்தது. ஊரே தின்னாத பகல்களில் அவள் தின்னாததை யாரும் காணவில்லை. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு மஃரிபு தொழுகைக்கு எழுந்துவிடுவாள். கஞ்சிக் கோப்பை வேறு யாரிடமாவது போகும். பெருநாள் கழிந்ததும் களா பிடிக்கிறேன் என்றாள். மாதவிலக்கில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் பிறகு பிடித்துத் தீர்ப்பார்கள். சின்னவள் சுணங்காமல் பிடிக்கிறாள் என்று உம்மா அயல் வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நதீராவுக்கு ஒரு நோன்பும் விடுபடவில்லை. விடுபடுவதற்கான நாட்கள் அவளுக்கு வரவேயில்லை.

வயலிலிருந்து வரப்போகும் புருஷனுக்குச் சோறு போட சுபைறா குசினிக்குள் வந்தாள். பானையைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள்.

"மறந்து திண்டுட்டன் ராத்தா."

மறதியாகத் தின்றால் நோன்பு முறியாது. அது அல்லாஹ் ஊட்டியது என்பார்கள். சுபைறாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு பானையுமா? உனக்கு மட்டும் அல்லாஹ் நல்லாத்தான் ஊட்டியிருக்கான்கா. மச்சான் வந்தா நான் எதக் குடுக்கிற?"

சொல்லிக்கொண்டே பானையை எடுக்கக் குனிந்தவள் நதீராவின் கையைக் கண்டாள். பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. பக்கத்தில் பழையவை கறுத்துக் கிடந்தன.

"இதுவும் மறதியா?"

நதீரா கையைப் பின்னால் கொண்டுபோனாள். சுபைறா கதவடிக்குப் போய் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். குரலைத் தணித்தாள்.

"போன வரிசம் நோம்பு புடிக்கேலாத நாளையில ரெண்டு பேரும் இந்தக் குசினிக்குள்ளதான் ஒளிச்சிருந்து திண்டம். நீ சிரிச்சிச் சிரிச்சிப் புரைக்கேறிச்சி. இந்த முற நான் தனியத்தான் திண்டன். நீ ஒரு நாளும் வரல்ல. உனக்கு என்னகா களா?"

பதில் வருமுன் அவள் கண் நதீராவின் வயிற்றுக்குப் போய் வந்தது. நதீரா அதைக் கண்டாள்.

"அப்பிடி ஒண்டுமில்ல. கனக்க மாசமா வாறல்ல. நான் திங்கிறதில்ல ராத்தா. திண்டா இப்பிடித்தான் திங்கிறன். பிறகு இத."

இவ்வளவையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு குசினி பெரிதாகிவிட்டதுபோலவும் அதில் தான் மட்டும் நிற்பதுபோலவும் இருந்தது.

சுபைறா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, செம்பில் தண்ணீர் எடுத்துக் கழுவினாள். தனக்கு இது விளங்கவில்லை என்றாள். ஆனால் உம்மாவுக்குத் தெரிய வேண்டும், டாக்குத்தரிடம் போக வேண்டும் என்றாள். நிந்தவூருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்கள், வாப்பா கட்டுகிற வீடு அப்படியே நிற்கும் என்றாள் நதீரா. சுபைறா பானையைக் கழுவினாள். அரிசி களைந்து அடுப்பில் ஏற்றினாள். நதீரா கதவோரம் குந்தியிருந்தாள்.

உலை கொதிக்கத் தொடங்கியபோது வேலிக்கு அப்பால் உம்மாவின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு றாபியாவோடு கதைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ட சின்னவ களாவெல்லாம் புடிச்சி முடிக்கப் போறா. இந்தக் காலத்துப் புள்ளையள்ள யாரு புடிக்கிற?"

றாபியா தன் வீட்டுக்குத் திரும்பினாள். உம்மா உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள்.

"திரும்பவும் சோறா? காலையில ஆக்கின எங்க?"

சுபைறா அடுப்பின் முன் குனிந்தாள். தங்கையைப் பார்க்கவில்லை. விறகைத் தள்ளி வைத்தாள். மறந்து தின்றதாக நதீரா இன்னொரு முறை சொல்லலாம். உம்மா நம்புவாள், சிரிக்கவும் செய்வாள். நதீரா எழுந்து நின்றாள்.

"நான்தான் திண்டன் உம்மா. நான் நோம்பில்ல. எனக்குக் களாவும் இல்ல."

உம்மா தலையிலிருந்து நழுவிய முக்காட்டை எடுக்கவில்லை. சின்ன மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பல் பதிந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

அடுப்பில் மூடி துள்ளியது. கஞ்சி வெள்ளையாகப் பொங்கிப் பானையின் புறத்தால் வழிந்து நெருப்பில் விழுந்து சீறியது. மூவரில் ஒருவரும் போய் அதை இறக்கவில்லை.