பழைய பாதையில் மூன்றடி

"புது ரோட்டுல போனா பத்து நிமிஷம்மா. புல்லு முளைச்ச இந்தப் பாதையில வண்டி எப்படிப் போகும்?" என்று சவ வண்டி ஓட்டி வந்தவன் சலித்துக்கொண்டான்.

"உள்ள படுத்திருக்கிறவருக்கு அவசரம் ஒண்ணும் இல்லப்பா. மெதுவாவே ஓட்டு," என்று சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தேன்.

என் கணவர் ஃபெஸ்டிக்காகத்தான் இந்தப் பிடிவாதம். எங்கள் பக்கத்தில் சவ ஊர்வலம் எதிர்ப்பட்டால், என்ன வேலையாகப் போனாலும் திரும்பி அதோடு மூன்றடியாவது நடக்க வேண்டும். பகையாளிக்கும் விலக்கில்லை. புது ரோட்டில் கார்கள் ஓரம் கட்டும். ஒருவரும் இறங்க மாட்டார்கள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. என்னைத் தவிர யாரும் கூட நடக்காமல் ஃபெஸ்டி குழிக்குப் போவதை என்னால் தாங்க முடியாது.

பழைய பாதையில் மட்டும் யார் இருக்கிறார்கள்? அரை மைல் தள்ளி பார்ட்லி ஒருவர்தான். மற்றதெல்லாம் கூரை விழுந்த சுவர்கள். அந்த பார்ட்லியும் பத்தொன்பது வருடமாக எங்களோடு பேசுவதில்லை. டிராக்டர் போக இடைஞ்சலாக இருந்த முள்மரத்தை ஃபெஸ்டி வெட்டினார். அது குட்டித் தேவதைகளின் மரமாம், வெட்டினால் கேடு வருமாம். அடுத்த வாரம் பார்ட்லியின் பசு செத்தது. பதினெட்டு வயதுக் கிழட்டுப் பசு சாகாமல் என்ன செய்யும்? சொன்னால் கேட்கிற ஆளா அவர்!

அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. புகைபோக்கியில் புகை வந்தது.

"நிறுத்துப்பா," என்றேன்.

தூறலில் நின்றோம். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒருவழியாகக் கதவு திறந்தது. கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி பார்ட்லி வந்தார். வண்டி நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றுவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரு அடி வெச்சா கால் தேஞ்சிடுமா, பார்ட்லி?"

"மூணுதான் முறை."

"சரி. நானும் இந்தப் பாதையிலதான் போவேன். எனக்கும் அந்த மூணு அடி நடந்துடுங்க. உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

"நடக்கறேன்," என்றார். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "அப்புறம் நான் போறப்ப எனக்கு யாரு நடப்பா, டெலியா?"

பத்தொன்பது வருடம் கழித்து என் பெயரைச் சொல்கிறார். பாவமாக இருந்தது.

"அப்படின்னா எனக்கு முன்னாடி நீங்க போயிடுங்க. குழி வரைக்கும் நான் நடக்கறேன்."

அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். நான் வண்டியை எட்டிப் பிடித்தேன். திருப்பம் தாண்டிய பிறகுதான், எனக்கென்று நடக்க இருந்த ஒரே ஆளையும் எனக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது.