பிராந்திக் கடையில் வைத்த மருந்து

என் வீட்டுக்காரர் பிலோமின்ராஜ் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் எழுபத்தொன்பதில் எங்கள் ஊர் தருமபுரத்தில் யாரைக் கேட்டாலும் அவரைக் குடிகாரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் சுவாமிநாதன் பிராந்திக் கடைக்குள் போய், காகிதம் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்தால் ஊர் வேறென்ன சொல்லும்?

பொட்டலத்தில் இருந்தது ஊசி மருந்து. கல்யாணமாகி ஆறு வருடமாகப் பிள்ளையில்லை. என் மாமியார் சலோமி எனக்காக வைக்காத வேண்டுதல் இல்லை, என்னைத் திட்டாத திட்டும் இல்லை. கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருவரையும் சோதித்த டாக்டரம்மா, அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"மூளைக்கு அடியில ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அது ஒரு புரதத்தை ரத்தத்துல விடும். அது விதைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் அங்க ஆண் ஹார்மோன் ஊறும், விந்தணு உண்டாகும். உங்களுக்கு அந்தப் புரதம் போதலை. விதை நல்லாத்தான் இருக்கு, வேலை ஏவ ஆளில்லாம சும்மா கிடக்கு. அதே வேலையைச் செய்யற இன்னொரு புரதத்தை ஊசியா போடலாம். கர்ப்பிணிங்க மூத்திரத்திலேருந்து எடுக்கிறது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "அம்மாகிட்ட சொல்லிடாத, ராணி" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் மனசு இளகிப்போய், சரியென்று தலையாட்டித் தொலைத்தேன்.

மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் ஏது? மருந்துக் கடையில் வைத்தால் யாருக்கு, எதற்கு என்று தெரிந்துவிடும். பிராந்திக் கடையில் பிரிட்ஜும் உண்டு, யாரும் எதையும் கேட்பதும் இல்லை. குடிகாரன் என்ற பெயர் அவருக்குப் பரவாயில்லை, இந்தப் பெயர்தான் ஆகாது. என் பெயர் மட்டும் மலடியாகவே இருக்கலாமாம். எத்தனையோ நாள் பாத்திரத்தைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வரும். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். பாழாய்ப்போன கோபம் பாதியில் நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை மாமியார் என்னைத் தெருவோடு இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். "ஒன் வயித்துல ஒண்ணும் தங்கல, அதான் எம்புள்ள குடிக்கிறான். வந்து கண்ணால பாருடி."

பெஞ்சு நிறைய, அங்கே மதுவிலக்கு என்பதால் எல்லை தாண்டிக் குடிக்க வந்த நாகூர்ப் பக்கத்து ஆட்கள். அவர் அப்போதுதான் பொட்டலத்தைக் கையில் வாங்கியிருந்தார். மாமியார் பிடுங்கிப் பிரித்தாள். விரலளவு கண்ணாடிக் குப்பி. முகர்ந்து பார்த்தாள்.

"என்னாடா இது?"

"ஊசி மருந்தும்மா."

"இவளுக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு தலையசைப்புப் போதும், நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவரை முன்போல் நினைத்திருக்கவும் மாட்டேன்.

"எனக்கும்மா" என்றார், பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "குறை எங்கிட்ட. ராணிக்கு ஒண்ணுமில்ல. நீ அவளைத் திட்டுறப்பல்லாம் தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

மாமியார் என் பக்கம் திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும் அத்தை."

"பின்ன ஏன் சொல்லல?"

"அவங்க வாயால வரட்டும்னு இருந்தேன்."

அவள் குப்பியைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, தனியாக நடந்து வீட்டுக்குப் போனாள். ராத்திரி சாப்பிடவும் வரவில்லை.

அடுத்த வாரம் மருந்து வாங்க அவளே போனாளாம். சுவாமிநாதன்தான் பிறகு சொன்னார். வாசலில் யாரோ ஒருவன் கிண்டலாக, "என்னா சலோமியம்மா, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறான்.

"எம்புள்ளைக்கு ஊசிடா" என்றிருக்கிறாள். "எம் மருமவளுக்கு ஒரு குறையும் இல்ல. போய் ஊர் பூரா சொல்லு."