பொன்னாடையும் பல் டொக்டரும்

தில்லையம்பலத்தாரின் காரில் எப்போதும் மூன்று பொன்னாடைகள் இருக்கும். உதிரிச் சில்லு இருக்காது. பாரிசின் லா சப்பலில் அவர் நடத்தும் பண்பாட்டு மன்றம் பதினைந்து வருடமாக ஆட்களைக் கௌரவித்துக் கௌரவித்து, கடைசியில் போர்த்தத் தோள் கிடைக்காமல் திண்டாடியது. ரூ காய் தெருவில் மரக்கறி விற்பவருக்கே மூன்று முறை போர்த்தியாயிற்று. மூன்றாம் முறை அந்த மனிதர் கடையின் பின்கதவால் ஓடப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் புனிதவதி அகப்பட்டாள்.

பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் இருக்கும் புனிதவதி, வளர்ப்புக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனமொன்றில் பயிற்சி எடுத்து, அனுமதிப் பத்திரம் வாங்கி, அதையே வேலையாகச் செய்கிறவள். எட்டு மாதமாக அவளிடம் வளர்வது கனிஷ்கா, வயது ஒன்பது. தாய் ஆஸ்பத்திரியில். இதற்கு முன் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்ட பிள்ளை.

நிறுவனத்திலிருந்து, தமிழ் ஓரளவு விளங்கும் பிரெஞ்சுக்காரி மரி-லூயிஸ் இரண்டு கிழமைக்கு ஒரு புதன் வருவாள். பிள்ளை தூங்குகிறாளா என்று கேட்பாள். பிறகு, "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்றும் கேட்பாள். முதல் தடவை புனிதவதிக்கு அது வேவு பார்ப்பதாகப் பட்டது. மூன்றாம் தடவை, பிள்ளை பசிக்குப் பயந்து தலையணைக்கடியில் பாண் ஒளிப்பதைச் சொல்லி அழுதேவிட்டாள். மரி-லூயிஸ் ஆச்சரியப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிள்ளையின் பேர் எழுதி ஒரு பிஸ்கட் டப்பா வைக்கச் சொன்னாள். அதோடு பாண் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

அப்படியொரு புதன் பின்னேரம் அவள் வருவதற்கு முன்பே தில்லையம்பலத்தார் பொன்னாடை, கைபேசி, மூன்று பக்க வாழ்த்துப்பா சகிதம் படியேறி வந்தார்.

"தங்கச்சி, உமக்கு 'அநாதைகளின் அன்னை' எண்டு பட்டம். ஞாயிற்றுக்கிழமை மேடையில தாறம்."

"அண்ணை, பிள்ளைக்குத் தாய் இருக்கு."

"இருக்கட்டும். பட்டம் அச்சடிச்சாச்சு."

மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கனிஷ்கா நிமிர்ந்தாள்.

"கேக் இருக்கு, பேச்சு இருக்கு, பிள்ளைக்குப் பரிசுப் பெட்டியும் இருக்கு. கடைசியா எல்லாரும் சேர்ந்து ஒரு படம்."

"படம் எடுக்கேலாது அண்ணை. தாயும் நிறுவனமும் ஓம் எண்டு எழுதித் தரவேணும்."

"எங்கடை பிள்ளையை எங்கடை ஆக்கள் படமெடுக்க ஆரின்ரை கையெழுத்து வேணும்? கொஞ்சம் நில்லும், ஒத்திகை பாப்பம்."

அகப்பையும் கையுமாக நின்ற புனிதவதியின் தோளில் பொன்னாடை ஏறியது. அவர் இரண்டாம் பக்கத்து உவமைகளில் நீந்திக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. மரி-லூயிஸ்.

"வுய், மதாம்!" என்று தில்லையம்பலத்தார் அவளைப் பிரதம விருந்தினராகவே வரவேற்றார். பாரிசில் இருபத்தைந்து வருடமாக அவருடைய பிரெஞ்சு அதில் தொடங்கி அதிலேயே முடிகிறது.

"கனிஷ்கா எங்கே?" என்றாள் மரி-லூயிஸ்.

மேசையடிக் கதிரை வெறுமையாக இருந்தது.

கனிஷ்கா அறைக்குள் கட்டிலில் குந்தியிருந்தாள். குளிர் கோட்டு கழுத்துவரை பூட்டியிருந்தது. மடியில் பள்ளிக்கூடப் பை. அதற்குள் செருப்பு, பல் பிரஷ், பிஸ்கட் டப்பா.

"கார் எப்ப வரும்?"

"என்ன காரடி?"

"கேக், பேச்சு, பரிசு, படம்." விரலை மடித்து மடித்துச் சொன்னாள். "முந்தின வீட்டிலையும் இப்பிடித்தான். அடுத்த நாள் என்னைக் கொண்டுபோகக் கார் வந்தது."

புனிதவதி அவளுக்கு முன்னால் தரையில் குந்தினாள். "ஐயோ என்ரை குஞ்சு, நீ எப்பவும் இஞ்சை..."

மரி-லூயிஸ் அவள் கையைத் தொட்டாள். "தெரியாததைச் சொல்லாதீர்கள்," என்றாள் பிரெஞ்சில். "தெரிந்ததைச் சொல்லுங்கள்."

தாய்க்குச் சுகமாகி வருகிறது. ஜூனில் நீதிபதி வழக்கைத் திரும்பப் பார்ப்பார். அதற்கப்பால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. புனிதவதி விரலை மடித்துச் சொன்னாள்:

"நாளைக்கு இடியப்பம். சனிக்கிழமை அம்மாவைப் பாக்கப் போறம். செவ்வாய் பல் டொக்டர்."

"பல் டொக்டரோ?" கனிஷ்காவின் கண் விரிந்தது. "எனக்குப் பல் நோகவே இல்லை!"

"ரெண்டு சொத்தை. வாற கிழமை ஒண்டு. மற்றதுக்கு மே மாதம்தான் நேரம் தந்தவை."

"மே மாதமுமோ!"

மே மாதம் எவ்வளவு தூரம் என்று அவள் யோசித்தாள். பிறகு மரி-லூயிஸைப் பார்த்தாள். மரி-லூயிஸ் தன் டயரியைத் திறந்து, மே மாதத்தில் அந்த நாளை எழுதியிருப்பதைக் காட்டினாள். கோட்டின் பூட்டு கீழிறங்கியது.

கூடத்தில் தில்லையம்பலத்தார் மூன்றாம் பக்கத்தோடு காத்திருந்தார். "அப்ப ஞாயிற்றுக்கிழமை..."

புனிதவதி பொன்னாடையை எடுத்து மடித்து அவர் கையில் வைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உடுப்புத் தோய்க்கிறனாங்கள், அண்ணை."

கனிஷ்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு விளங்கட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்:

"மாமா, உங்கடை கார் எப்ப வரும்?"

அவர் படியிறங்கும்போது குளியலறைக் குவளையில் பல் பிரஷ் விழும் சத்தம் கேட்டது. செருப்பும் வாசலுக்கு வந்தது. பிஸ்கட் டப்பா மட்டும் செவ்வாய்க்கிழமை பல் டொக்டரிடம் போய்வரும்வரை பைக்குள்ளேயே இருந்தது.