மக்கள் பதவிக்கு ஆள் தேவை

1787-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பு எழுதிக்கொண்டிருந்த மண்டபத்தின் பின்வாசல், அந்தக் கோடையில் நாகப்பட்டினம் மீன் சந்தைக்குள் திறந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘மக்கள் பதவிக்கு ஆள் தேவை. ராஜா பதவி ஒழிக்கப்பட்டது, விசாரிக்க வேண்டாம்.’

நெத்திலி விற்றுக்கொண்டிருந்த பிலோமினா, கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

நடக்க நடக்க நடைவழி நீண்டது. எதிரே தண்ணீர்க் குடத்தோடு ஐசக் வந்தான். அந்த மண்டபத்து அடிமை.

“பின்பக்கமா நடங்கக்கா. சுருங்கிரும்.”

இருவரும் பின்பக்கமாக நடந்தார்கள். நான்கே எட்டில் மேஜை வந்துவிட்டது.

மேஜைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள், ஒரே குமாஸ்தா. பெயர் எபனேசர். முதல் நாற்காலியில் உட்கார்ந்து சட்டம் எழுதுவார். இரண்டாவதில் அதை நிறைவேற்றுவார். மூன்றாவதில் அது செல்லாது என்பார்.

“அதிகாரம் எல்லாம் ஒரே இடத்துல இருந்தா கெட்டுப்போயிடும்மா” என்று மூச்சு வாங்கினார். “மக்கள்னா மொதல்ல அரசாங்கமே இல்லாத காட்டுல இருந்திருக்கணும். அதுக்குச் சான்றிதழ் இருக்கா?”

“அத யாரு குடுப்பா?”

“அரசாங்கம்.”

“எங்க சந்தைய வந்து பாருங்க. அப்பறம் சான்றிதழ் கேக்க மாட்டீங்க.”

அவர் மூன்றாவது நாற்காலிக்குத் தாவி, அந்தப் பதிலே செல்லும் என்றார். சமூக ஒப்பந்தத்தை நீட்டினார். அதில் பிலோமினாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

“இத எப்ப போட்டேன்?”

“நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.”

கையெழுத்து அழகாக இருந்ததால் அவள் ஆட்சேபிக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. பெரிய கதவு திறந்தது. ஐசக்கும் கூடவே நடந்தான். எபனேசர் அளவு நாடாவை நீட்டித் தடுத்தார்.

“அடிமைன்னா சட்டத்துல அஞ்சுல மூணு ஆள் கணக்கு. இவர்ல அஞ்சுல மூணு பங்குதான் உள்ள போகலாம்.”

“எந்த மூணு?” என்றான் ஐசக்.

“அது எழுதல.”

ஐசக் குடத்தோடு கதவருகிலேயே நின்றான். பிலோமினா திரும்பி வந்து, மேஜைமேல் இருந்த சட்டத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

“‘மக்களாகிய நாம்’னு போட்டிருக்கீங்க. ‘நாம்’னா எத்தன பேரு?”

“குறைஞ்சது ரெண்டு.”

“நான் ஒண்ணு. இவரு அஞ்சுல மூணு. ரெண்டு வரலியே. ‘நான்’னு மாத்துங்க.”

எபனேசருக்கு வியர்த்தது. “‘நான்’னா மறுபடியும் ராஜா ஆயிடுமேம்மா!”

“அப்ப கணக்க மாத்துங்க.”

மூன்று நாற்காலிக்கும் மாறி மாறி ஓடினார். கடைசியில் ஐந்தாம் பிரிவைக் கண்டுபிடித்தார். இதில் உள்ள எதையும் திருத்தலாம் என்று அதில் இருந்தது.

“ஆனா எம்பது வருஷம் ஆகும்.”

“இருக்கோம்” என்றாள் பிலோமினா.

சந்தையிலிருந்து பொரித்த நெத்திலி வந்தது. வாசனை பிடித்து அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்களும் ஒவ்வொன்றாக வந்து தரையில் உட்கார்ந்தன. மிகச் சிறிய மாநிலமும் பெரிய மாநிலத்துக்குச் சமமாகவே சாப்பிட்டது. எண்பது வருஷம் ஆனபோது எபனேசரின் தாடி முழங்காலைத் தொட்டிருந்தது.

“திருத்தியாச்சு! ஐசக் முழு ஆள்!” என்று சந்தோஷத்தில் கத்தினார்.

ஐசக் குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். சட்டம் எழுதும் உறுப்பினர்கள், பேசும் ரகசியம் வெளியே போகாதபடி ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தான். கடல் காற்று புகுந்தது. சட்ட ஷரத்துகள் எழுதிய தாள்கள் எல்லாம் கூரைவரை பறந்தன. உறுப்பினர்கள் பொய்முடி நழுவ, சிரித்துக்கொண்டே துரத்தினார்கள். பிலோமினாவும் சேலையைச் செருகிக்கொண்டு எட்டிக் குதித்தாள்.

“விடுங்கக்கா” என்றான் ஐசக். “சட்டமும் கொஞ்சம் காத்து வாங்கட்டும்.”